ஒரு முகம் மட்டும்

என் சித்தப்பாவுக்கு வெகுநாள் வரை கல்யாணம் ஆகவில்லை. அவருடைய உத்தியோகம்தான் அதற்குக் காரணம் என்பது அம்மாவின் கட்சி. ஊரிலிருந்து ஜாதகத்தோடு வருகிறவர்கள் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். அலிப்பூரில் சர்க்கார் குமாஸ்தாவாக இருந்த அப்பா கொஞ்சம் தயங்கிவிட்டு, "பத்திரிகை ஆபீஸ்ல இருக்கான்" என்பார். கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்கத்தாத் தெருக்களில் அலைவதும் ஒரு உத்தியோகம்தான் என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

வெள்ளைக்காரர் ஒருவர் நடத்திய படப் பத்திரிகை அது. குதிரைப் பந்தயம், லாட்துரை வீட்டுத் தோட்ட விருந்து, கங்கையில் புதிதாக வந்து நிற்கும் கப்பல் என்று எதையாவது சித்தப்பா வாராவாரம் படம் பிடித்துக் கொடுக்க வேண்டும். கேமராவும் லென்ஸ்களும் ஆபீஸ் சொத்து. வீட்டில் யாரும் தொடக்கூடாது. எனக்கு மட்டும் சலுகை உண்டு. கேமராவின் மேல் பக்கம் தோலால் ஆன ஒரு மூடாக்கு இருக்கும். அதற்குள் முகத்தை நுழைத்துக் குனிந்து பார்த்தால், எதிரே இருப்பதெல்லாம் கண்ணாடியில் இடவலம் மாறி விழுந்திருக்கும்.

அந்த வருஷம் ஜெர்மனியிலிருந்து நீளமான லென்ஸ் ஒன்று வந்தது. பித்தளைக் குழாய் போலிருக்கும். அதை மாட்டிவிட்டால் தூரத்தில் இருப்பது பக்கத்தில் வந்துவிடும். "மத்தவா எடுத்தா கூட்டம் தெரியும். இதுல எடுத்தா ஆள் தெரியும்" என்று சித்தப்பா அதைத் துடைக்கும்போதெல்லாம் சொல்வார்.

நாங்கள் பவானிபூரில் ஒரு சந்தில் குடியிருந்தோம். எதிர்வீட்டில் ஒரு வங்காளி அம்மாள் தன் ஒரே பிள்ளையோடு இருந்தாள். அவளை நான் மாஷிமா என்பேன், பெரியம்மா மாதிரி. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளையை, அங்கே அண்ணனைக் கூப்பிடுகிற வழக்கப்படி, தாதா என்பேன். தாதா மாடியிலிருந்து, "ஏ மாட்ராஜி! இன்னிக்கும் புளித்தண்ணிதானா?" என்று கத்துவான். நான் நாக்கைத் துருத்துவேன். எனக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பிலை தேடிக் காளிகாட் வரை போய் வந்தவன் அவன்தான்.

ஊரெல்லாம் சுதேசிப் பேச்சாக இருந்த காலம். கடைத்தெருவில் சீமைத் துணியைக் குவித்துக் கொளுத்தப்போகிறார்கள் என்று சேதி வந்தது. பத்திரிகைத் துரை சித்தப்பாவை அனுப்பினார். ஒரு கடையின் மேல்மாடியில் நின்று, அந்த நீள லென்ஸால் அவர் படம் எடுத்தார். அன்றைக்கு யாரோ எறிந்த கல்லில் ஒரு போலீஸ்காரரின் மண்டை உடைந்தது.

படம் பதிந்த கண்ணாடிகளைச் சித்தப்பா வீட்டிலேதான் மருந்தில் கழுவுவார். மாடிப்படிக்கு அடியில் சிவப்பு விளக்கு ஏற்றிய ஒரு பொந்து உண்டு. அன்று என்னையும் உள்ளே விட்டார். தட்டில் இருந்த திரவத்துக்குள்ளிருந்து கூட்டம் மெல்ல எழும்பியது. கண்ணாடியில் வெளுப்பும் கறுப்பும் இடம் மாறித்தான் விழும்; நெருப்பு கறுப்பாக இருந்தது. எல்லாருக்கும் தலை நரைத்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கிழவர்களுக்கு நடுவில், தோளிலிருந்த சால்வையை உருவி நெருப்பில் போட்டுக்கொண்டிருந்தவனை எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

"சித்தப்பா, நம்ம தாதா!"

சித்தப்பா குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இதை வெளியில சொல்லப்படாது, தெரிஞ்சுதா?" என்றார். நான் யாரிடமும் சொல்லவில்லை.

பத்திரிகையில் படம் உள்ளங்கை அளவுக்குத்தான் வந்தது. முகங்களெல்லாம் வெறும் புள்ளிகளாகக் கரைந்திருந்தன. சித்தப்பா அன்று உற்சாகமாக இரண்டாம் முறை ரசம் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் அப்பா ஆபீஸிலிருந்து பாதியில் திரும்பிவிட்டார். வியர்த்திருந்தார். போலீசுக்கு அந்தப் படத்தின் மூலக் கண்ணாடி வேண்டுமாம். மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வருவாராம். அதைச் சொல்லிவிட்டது அப்பாவின் மேலதிகாரி.

"உடைஞ்சு போச்சுன்னு சொல்லிடறேனே, அண்ணா" என்றார் சித்தப்பா.

"யார் நம்புவா? உன் துரைகிட்ட கேட்டுட்டுத்தான் என்கிட்ட வந்திருக்கா. என் வேலை போனா இத்தனை பேரும் எங்கேடா போறது?"

அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். "அந்தப் பிள்ளை கல்லெறியலையே. சால்வையைத்தானே போட்டான்" என்றாள்.

 அப்பா கெட்டவர் இல்லை. பயந்தவர்.

சாயங்காலம் சித்தப்பாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. படங்களில் மாசு மறு இருந்தால் சுரண்டி எடுக்க ஒரு மெல்லிய கத்தி வைத்திருப்பார். கண்ணாடியைச் சாய்வுப் பலகையில் நிறுத்தி, பின்னால் விளக்கை வைத்தார். அம்மா அது அசையாமல் பிடித்துக்கொண்டாள். சித்தப்பா மூச்சை அடக்கிக்கொண்டு, தாதாவின் முகத்தை மட்டும் நூல் நூலாகச் சுரண்டினார். பக்கத்தில் நின்றவன் காதில்கூடக் கீறல் படவில்லை. முகம் இருந்த இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. அப்பா எட்டிப் பார்த்து, "கெட்டிக்காரன்டா நீ" என்றார். அவர் வாயால் சித்தப்பாவுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது என்று நினைக்கிறேன். எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

இன்ஸ்பெக்டர் காலையில் வந்தார். குடை வைத்திருந்த மரியாதையான வங்காளி. அம்மா கொடுத்த காப்பியைக் குடித்து, நன்றாக இருக்கிறது என்றார். கண்ணாடியை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"அற்புதமான லென்ஸ். இத்தனை பேர் முகமும் இருக்கிறது. இவன் ஒருவன் மட்டும் எங்கே போனான்?" என்று வங்காள மொழியில் கேட்டார்.

"பிளேட்டில் கீறல் விழுந்துவிட்டது" என்றார் சித்தப்பா.

"முகத்தில் மட்டுமா?"

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்தார். எழுந்தவர் ஜன்னலருகில் நின்று சந்துப் பக்கம் பார்த்தார். எதிர்மாடிக் கொடியில் கல்லூரிப் பையன் உடுத்தும் வேட்டி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. "உங்களுக்கு வேண்டியவன்போல் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார். எதிர்வீட்டுக் கதவைத் தட்டும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

படத்தில் நன்றாகத் தெரிந்த பலரையும் யாரென்று கண்டுபிடிக்க முடியாமல் போலீஸ் விட்டுவிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். தாதாவுக்கு ஜெயில் கிடைத்தது. அங்கே நெஞ்சுச் சளி பிடித்து, மழைக்காலம் முடியுமுன் இறந்துபோனான்.

அதற்கெல்லாம் முன்னால், அவனைப் பிடித்துக்கொண்டு போன அன்று மத்தியானம், மாஷிமா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அதற்குமுன் அவள் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அன்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சித்தப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குத் துரைமாரைத் தெரியும், பாபா. என் கோகா, என் குழந்தை, யாரையும் அடிக்கமாட்டான். நீ ஒரு வார்த்தை சொல். நீயும் எனக்குப் பிள்ளை மாதிரிதான்."

சித்தப்பா தலையை ஆட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. சித்தப்பா எவ்வளவு பாடுபட்டுத் தாதாவைக் காப்பாற்றப் பார்த்தார், எவ்வளவு நுணுக்கமாக அந்த முகத்தை எடுத்தார் என்று யாராவது அவளிடம் சொல்ல வேண்டாமா? "மாஷிமா, சித்தப்பா நேத்திக்கு..." என்று ஆரம்பித்தேன். அம்மாவின் கை என் வாயை அழுத்திப் பொத்தியது. புளி வாசனை அடித்த அந்தக் கைக்குள் எனக்கு மூச்சு முட்டியது.

மாஷிமா எழுந்தாள். போகுமுன் சித்தப்பாவின் தலைமேல் கை வைத்து, தன் வழக்கப்படி ஏதோ சொல்லி ஆசீர்வதித்தாள். அவள் கதவைத் தாண்டியதும் சித்தப்பா அப்படியே சுவரோரம் சரிந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அம்மாவிடம் வெகுநாள் பேசவில்லை. நல்லது செய்தவருக்குக் கிடைக்க வேண்டிய பேரை அவள் கெடுத்துவிட்டாள் என்றும், அந்த வருத்தத்தில்தான் சித்தப்பா அழுதார் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.