ரோட்டுப் பக்கம் ஏறிய கயிறு

மீமிசலுக்குப் பக்கத்தில் எங்கள் தெருவுக்கென்று பள்ளிவாசல் கட்ட மாமா தன் இடத்தைக் கொடுத்தார். ஒரே ஒரு விருப்பம்தான் சொன்னார்: தொழுகைக் கூடத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே, காலமான தன் அம்மாவின் நினைவாக, பெண்கள் தொழ ஓர் அறை. கூடம் ரோட்டுக்கு இணையாக நின்றால் அந்த அறை நல்ல செவ்வகமாக வரும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சிவில் டிப்ளமோ முடித்திருந்ததால் கிப்லாவை, அதாவது மக்கா இருக்கும் திசையைக் குறித்துத் தரும் வேலை எனக்கு வந்தது.

மாமா முந்திக்கொண்டார். கட்டடத்துக்கு இறக்கியிருந்த இரும்புக் கம்பிக்கட்டின் மேல் போனை வைத்துத் திசைகாட்டியைத் திறந்து, “பாரு மருமவனே, ரோட்டோட நேராக் காட்டுது. முடிஞ்சுச்சு சோலி” என்றார்.

போனை எடுத்துக்கொண்டு கம்பியை விட்டுத் தள்ளி நடந்தேன். முள் திரும்பியது.

“நீ தொட்டா மட்டும் திரும்புதே, ஓதி ஊதுனியா?”

“இரும்பு இழுக்குது மாமா.”

“அப்ப எதத்தான் நம்புறது?”

அந்தக் காலத்து முஸ்லிம் வானியலாளர்கள் பித்தளை வட்டுக் கருவியால் சூரியனின் உயரத்தை அளந்து தொழுகை நேரம் கண்டதைக் கல்லூரி நூலகத்தில் படித்திருந்தேன். கிப்லாவுக்குக் கருவியே வேண்டாத ஒரு வழியும் அதில் இருந்தது. வருடத்தில் இரண்டு நாள் சூரியன் மக்காவிலுள்ள கஅபாவின் நேர் உச்சிக்கு வரும். அந்த நேரத்தில் நம் ஊரில் சூரியன் நிற்கும் பக்கம்தான் கிப்லா. மே மாதக் கடைசியில் அந்த நாள் வர இருந்தது. எங்களுக்கு மார்க்கம் சொல்லித்தரும் ஹஜ்ரத், “அதுவரைக்கும் பொறுப்போம்” என்று முடித்துவிட்டார்.

அந்த நாள் வந்ததும், பிற்பகலில் மூங்கிலில் நூல் கட்டித் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன்.

“என்னங்க எஞ்சினியரே, நாங்க தினம் தொங்கவிடுற குண்டுதானே? இதுக்கா மூணு வருசம் படிச்சீங்க?” என்றார் கொத்தனார்.

மக்காவில் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் ஆனதும் நூலின் நிழல்மேல் கயிறு பிடித்து மேற்கே நீட்டினோம். கூடத்தின் பக்கச் சுவர் எழ வேண்டிய அந்தக் கயிறு மாமாவின் அறையைக் குறுக்கே வெட்டி ரோட்டுப் பக்கம் ஏறியது. செவ்வகம் முக்கோணமாகிவிட்டது. மாமா கயிற்றையும் சூரியனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மூணு மூலை ரூம்ல பொம்பளைங்க தொழ முடியுமா ஹஜ்ரத்?”

“தாராளமா.”

“அப்பக் கயித்து மேலயே சுண்ணாம்புக் கோட்டப் போடுங்க.”

அறை கட்டியாகிவிட்டது. மேற்கே போகப் போக ஒடுங்கும். முன்வரிசையில் ஒருவர்தான் நிற்கலாம். பெரும்பாலும் அங்கே மாமி நிற்கிறார்.