பையைத் தட்டிக் கொடுக்கும் மில்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இலங்கை மலையகத்தில், நோர்வூட்டில் என் மிளகாய் மில்லுக்கு எதிரே ஒருவன் புதிதாக மில் திறந்து, அரைக்கும் கூலி பாதிதான் என்று பலகை மாட்டினான். அந்தப் பலகையைக் கழற்றி அவன் தலையிலேயே போட வேண்டும் போலிருந்தது. நீயும் குறைத்துவிடு என்றார் என் வீட்டுக்காரர். செத்தாலும் முடியாது என்றேன்.

மெஷினின் வாயில் நீளமான துணிப்பை கட்டியிருக்கும். தூள் அதன் வழியாகத்தான் கீழே இறங்கும். அதில் ஒரு பங்கு பைக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். நான் ஒவ்வொருவருக்கும் அரைத்து முடித்ததும் மெஷினை நிறுத்தி, தடியால் பையைத் தட்டி, கடைசித் தூள் வரை கொடுத்துவிடுவேன். அதற்கு நேரம் பிடிக்கும். அவனோ தட்டுவதே இல்லை. எல்லோரும் போன பிறகு தட்டி, பாக்கெட் போட்டு விற்றான். அவனுக்குப் பாதிக் கூலி கட்டுப்படியானது அப்படித்தான். ஊரெல்லாம் சொல்லிப் பார்த்தேன். வயிற்றெரிச்சலில் பேசுகிறாள் என்றார்கள்.

தீபாவளிக்கு முந்திய வாரம், தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி அவனிடம் அரைத்த தூளோடு என் மில்லுக்குள் வந்தாள்.

"அக்கா, இதக் கொஞ்சம் நிறுத்துப் பாருங்க. கொறையுற மாதிரி இருக்கு."

நிறுத்தேன். நன்றாகவே குறைந்தது.

"போயி அவன் பையத் தட்டச் சொல்லு," என்றேன்.

அவள் அவனிடம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. உள்ளே போய்த் தானே தட்டினாள். வரிசையில் நின்ற பெண்களின் கண்முன்னே பொலபொலவென்று சிவப்பாகக் கொட்டியது. அவன் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் அறைந்தான். அவள் தலை மெஷினில் மோதிய சத்தம் ரோட்டுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

தடியோடு பாய்ந்தேன். முதல் அடி அவன் தோளில் விழுந்தது. மறுபடி ஓங்குவதற்குள் கொட்டிக் கிடந்த தூளை அள்ளி என் முகத்தில் எறிந்தான். கண்ணுக்குள் கொள்ளிக்கட்டையைச் செருகியது போலிருந்தது. கீழே விழுந்தேன். இடுப்பில் மிதித்தான். வாய்க்குள்ளும் தூள், கத்தக்கூட முடியவில்லை. பிறகு பெண்களின் கூச்சல்தான் கேட்டது.

"எங்க மொளகாய வித்தாடா திங்கிற? அடிங்கடி அவன!"

யார் யார் அடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அவனுக்கு முன்பல் போய்விட்டதென்று ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொன்னார்கள். சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன்?

கண் கட்டைப் பிரித்த பிறகு மில்லைத் திறந்தேன். எதிரே கூட்டம் குறையவே இல்லை. பெண்கள் ஆளுக்கொரு குச்சியோடு அவன் மில்லுக்குள் நின்று, தங்கள் தூளைத் தாங்களே தட்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவனும் பொக்கை வாயை மூடிக்கொண்டு நின்றான். கூலி அதே பாதி; கூட்ட அவனுக்குத் துணிச்சலில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பது என் விஷயத்தில் சரியாகப் போயிற்று. உதை வாங்கியது நான், லாபம் அவர்களுக்கு. எல்லோர் மீதும் ஆத்திரமாக வந்தது. வேறு வழியில்லை, கூலியைக் குறைக்காவிட்டால் மில்லை மூட வேண்டியதுதான் என்று, பலகையில் எழுதச் சாக்கட்டியைக் கையில் எடுத்தேன்.

அப்போது அறை வாங்கிய அந்தப் பெண் மிளகாய்ப் பையோடு படியேறி வந்தாள்.

"நீயும் அங்கயே போயிருக்கலாமே? பாதிக் காசுதானே," என்றேன். குரலில் கடுப்பு இருந்தது.

"மலையில கங்காணியோட சண்ட. லயத்து வீட்டுல குடிச்சுட்டு வர்ற புருஷனோட சண்ட. மொளகா அரைக்கவும் குச்சியத் தூக்கிக்கிட்டு நிக்கணுமாக்கா? நீங்க கேக்காமலே தட்டித் தருவீங்க."

அவள் கன்னத்தில் வீக்கம் இன்னும் வடியவில்லை. மெஷினைப் போட்டேன். கூலியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் குறைக்கவில்லை.