முகமில்லாத வாத்தியார்

சிங்கப்பூரில் எனக்குப் பாடம் நடத்தியது ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. ஜூரோங்கில் நான் வேலை பார்த்த கப்பல் பட்டறையில் பாதுகாப்புப் பாடம் என்று ஒன்று உண்டு. அதில் தேறாதவர்களின் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க மாட்டார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தப் பாடம் வீடியோவுக்கு மாறியது. மிஸ் லிம் என்ற சீனப் பெண் வருவார், கேசட்டைச் செருகுவார், ஓரமாக உட்கார்ந்துவிடுவார். திரையில் ஏணி வரும், கயிறு வரும், வாயு சிலிண்டர் வரும். பேசுகிறவரின் முகம் மட்டும் வராது. நாகப்பட்டினத்தில் நான் படித்த மாதா கோயில் பங்குப் பள்ளியில் வாத்தியார் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பார். புரியாமல் விழிக்கிற பையனைக் கண்டுபிடித்துத் தலையில் குட்டுவார். இந்தப் பெட்டி யாரையும் குட்டவில்லை. யாரையும் பார்க்கவும் இல்லை.

அப்போதே என் காது பாதிக்குமேல் போயிருந்தது. கப்பலின் வயிற்றுக்குள் துருச் சுரண்டும் மெஷினோடு கழித்த வருடங்கள் அதைத் தின்றுவிட்டன. எதிரில் நிற்பவரின் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவந்தேன். பூன் லே பகுதியில் என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த காதருக்கு மட்டும் விஷயம் தெரியும். "வெளிய சொல்லிடாத லா அந்தோணி. பெர்மிட்ட கேன்சல் பண்ணி ஊருக்கு ஏத்தி விட்டுடுவானுங்க" என்றான், சிங்கப்பூர்க்காரர்களின் "லா" ஒட்டிக்கொண்ட தமிழில்.

முதல் தேர்வில் தோற்றேன். மிஸ் லிம் என்னை நிறுத்தி, "யூ டோன்ட் நோ இங்கிலீஷ், இஸ்ஸிட்?" என்று கேட்டார்.

"இங்கிலீஷ் கேன், மிஸ். சவுண்ட் கேனாட்."

ஆங்கிலம் வரும், சத்தம்தான் பிடிபடவில்லை என்றேன். அவர் பெட்டியில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டார். அடுத்த வகுப்பில் ஒலியைக் கூட்டிவைத்தார். மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு இரைச்சல்தான் பெரிதாயிற்று. இன்னொரு முறை தோற்றால் ஊர்தான். சொன்னாலும் ஊர்தான் என்று பட்டது. இருந்தும் சொல்லிப் பார்ப்போம் என்று, வகுப்பு கலைந்ததும் காதைத் தொட்டுக் காட்டி, "மிஸ், திஸ் ஒன் ஸ்பாயில்" என்றேன். அவர் என் காதைப் பார்த்தார். கேசட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வாரம் முழுக்க அலுவலகத்திலிருந்து ஆள் வரும் என்று காத்திருந்தேன்.

ஆள் வரவில்லை. மறு வகுப்பில் மிஸ் லிம் உட்காரவில்லை. பாடத்தைத் துண்டு துண்டாக நிறுத்தினார். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, அதையே தம் வாயால் மெதுவாகச் சொன்னார். முக்கியமான சொற்களைப் பலகையில் எழுதினார். நல்ல காது உள்ளவர்களும் அன்றுதான் கை தூக்கிச் சந்தேகம் கேட்டார்கள். பெட்டியின் ஆங்கிலம் அவர்களுக்கும் அதுவரை பிடிபடவில்லை போலும். நான் தேறினேன். அதன்பின் அவரே அலுவலகத்தில் பேசி, என்னைச் சத்தமில்லாத டூல் ஸ்டோருக்கு மாற்றவைத்தார். காதருக்கும் பயம் விட்டது. ஞாயிற்றுக்கிழமை தமிழர்கள் கூடும் சிராங்கூன் சாலை நெரிசலில்கூட எனக்கு முன்னால் வந்து நின்றுதான் பேசுவான்.

மறு வருடம் விடுப்பில் ஊருக்குப் போனேன். காது மந்தம் என்று மனைவி ஸ்டெல்லாவுக்கு எழுதியிருந்தேன்; எவ்வளவு என்று எழுதவில்லை. அவள் வேலை செய்துகொண்டே பேசுகிறவள். அடுப்பைப் பார்த்துப் பேசுவாள், குனிந்து பெருக்கிக்கொண்டே பேசுவாள். சீனப் பெண்ணின் ஆங்கிலம் பிடிபட்ட எனக்கு என் வீட்டுத் தமிழ் பாதிக்குப் பாதி நழுவிப்போயிற்று. ஒரு மதியம் சோறு போட்டபடி ஏதோ நீளமாகக் கேட்டாள். நிமிர்ந்தபோது கடைசிச் சொல்தான் கண்ணில் பட்டது: போதுமா?

சோற்றைப் பார்த்து, "போதும்" என்றேன்.

கரண்டியை வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். அவள் கண்ணில் நீர் நிறைந்திருந்தது. "நெசமாத்தான் சொல்றீங்களா? இனிமே சிங்கப்பூருக்குப் போக மாட்டீங்கள்ல?" இப்போது அவள் முகம் நேராக இருந்தது, ஒரு சொல்கூடத் தப்பவில்லை.

திரும்பிப் போகும் விமானச் சீட்டு அலமாரியில் இருந்தது. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று ஸ்டெல்லா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.