கரடிக்காக விட்ட ஓட்டை

காலை ஏழேகாலுக்குச் செய்தி வந்தபோது, சூச்சூ அக்கா கோழிக்கொட்டகைச் சுவரில் காதை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். ஆடோ, மாடோ, வாசலுக்கு வந்த விருந்தாளியோ, யாரையும் "சூ... சூ..." என்று விரட்டிவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவாள். அதனால் அந்தப் பெயர்.

பால் வண்டிக்காரர் இன்ஜினை நிறுத்தாமல் இறங்கி ஓடி வந்தார்.

"அக்கா, உங்க அண்ணன் விடியக்காலைல போயிட்டாருக்கா. மத்தியானத்துக்குள்ள எடுத்துடுவாங்களாம். ஏறுங்க, நான் கொண்டுபோய் விடறேன்."

அவள் சுவரைவிட்டு நகரவில்லை.

"அக்கா, நான் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. மெதுவா பேசு. உள்ள ஏதோ இருக்கு."

நாற்பது கோழிகள் அடைந்த கொட்டகையில் ஒரு கொக்கரிப்பு இல்லை.

குளிர் இறங்கும் முன் காட்டில் உள்ளதெல்லாம் கதகதப்புத் தேடி வீட்டுப் பக்கம் வரும். அதற்குள் கொட்டகைச் சுவரின் ஓட்டைகளைக் களிமண்ணால் அடைப்பது அண்ணன் தங்கை இருவரின் வேலை. அவர் வெளியே தகரத்தைத் தட்டுவார். உள்ளே ஒளிந்திருப்பது ஓடிய பிறகே இவள் உள்ளிருந்து அடைக்கத் தொடங்குவாள். கடைசி ஓட்டையை வெளிப்புறமிருந்து அவர்தான் பூசுவார்.

"உள்ள இருக்கிற பெருச்சாளி வெளிய வந்துடு, அடைக்கப் போறேன்!" என்பார் அண்ணன்.

"அந்தக் கரடி முதல்ல வழிய விடட்டும்!" என்பாள் இவள்.

அறுபதைத் தாண்டியும் இருவருக்கும் அந்த வாய் அடங்கவில்லை.

இந்த முறை அவர் படுக்கையில் விழுந்துவிட்டார். நேற்று இவள் தனியாளாக அடைத்தாள். தகரம் தட்ட மறந்தாள். பின்சுவரின் கடைசி ஓட்டையை மட்டும் அவருக்காக விட்டு, ஒரு கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருந்தாள்.

கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். கோழிகள் உச்சிக் கழியில் ஒண்டியிருந்தன. ஒன்று மட்டும் கீழே, கழுத்து கடிபட்டுக் கிடந்தது. வைக்கோலுக்குள் இரண்டு கண்கள். மரநாய்.

"முகம் பாக்க வேணாமாக்கா?"

"இப்படியே விட்டுட்டுப் போனா சாயந்திரம் இறகுதான் மிஞ்சும். பின்னாடி போய்க் கல்ல எடுத்துட்டுத் தகரத்தைத் தட்டு தம்பி."

துடைப்பத்துடன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே தகரம் அதிர்ந்தது. மரநாய் ஓட்டைவரை பாய்ந்து, சீறிக்கொண்டு அவள் பக்கமே திரும்பியது. துடைப்பத்தை ஓங்கிப் பிடித்தாள். ஓட்டையில் வெளிச்சம் வரவில்லை. வண்டிக்காரரின் கால்கள் அதை மறைத்துக்கொண்டிருந்தன.

"வழியிலேயே நின்னுக்கிட்டுத் தட்டினா அது எப்படிப் போகும்? அந்தக் கரடி முதல்ல..."

பாதியில் நிறுத்தினாள். வெளியே தகரமும் நின்றது.

"நகரு தம்பி," என்றாள், குரல் இறங்கி.

கால்கள் விலகின. மறுபடி தகரம் அதிர்ந்ததும், ஒரு கருத்த வால் அவள் பாதத்தை உரசிக்கொண்டு வெளியேறியது.

"மண்ணு குழைச்சு தயாரா இருக்கே, நானே பூசிடட்டுமாக்கா?" என்றார் வண்டிக்காரர்.

"கல்ல மட்டும் வை."

முகம் பார்க்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது குளிர் நன்றாக இறங்கிவிட்டது. பொழுது சாய்ந்தால் தகரத்தைத் தட்டி, கொஞ்சம் காத்திருந்து, பின்சுவரில் கல்லை வைக்கிறாள். களிமண் சட்டியிலேயே காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. அந்த ஓட்டையை இன்னும் பூசவில்லை.