ஆர்கானில் கொஞ்சம் ஹைட்ரஜன்

என் மனைவியின் அண்ணன் என்னைக் கண்டால் இன்றைக்கும் எழுந்து நிற்பார். வயதில் மூத்தவர், திருச்செங்கோட்டில் சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவர். நாற்காலியை இழுத்துப் போட்டு, நான் உட்கார்ந்த பிறகுதான் அவர் உட்காருவார். வீட்டு மாப்பிள்ளைக்கு எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு மரியாதை. கல்யாணமான புதிதில் கூச்சமாக இருந்தது, போகப்போகப் பிடித்துவிட்டது. இப்போது அவர் எழும்போதெல்லாம் எனக்கு உடம்பு குறுகுகிறது.

சூரமங்கலத்தில் ஓர் உலோகப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. போர்வெல் லாரிகளில் பாறையை உடைக்கும் ஹேமருக்குள் மேலும் கீழும் அடிக்கும் பிஸ்டன்களை மச்சான் அம்மோனியா உலையில் வைத்துச் சூடேற்றி, அவற்றின் மேல் கடினமான ஒரு தோலை உண்டாக்கிக் கொடுப்பார். அந்தத் தோலின் உச்சியில் வெள்ளைப் படலம் ஒன்று படியும். அது அளவோடு இருக்க வேண்டும். தடித்துப்போனால் அடி தாங்காமல் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும். அதன் தடிமனை அளந்து சொல்வது நான்.

அளக்கும் கருவி பார்க்க அழகானது. உலோகத் துண்டின் முன்னால் காற்றை உறிஞ்சிவிட்டுக் கொஞ்சம் ஆர்கான் வாயுவை விட்டு மின்சாரம் கொடுத்தால் ஊதாவாக ஓர் ஒளி பிறக்கும். அந்த ஆர்கான் உலோகத்தை அணு அணுவாகச் சுரண்டும். வெளியே வரும் அணுக்கள் தத்தம் நிறத்தில் ஒளிரும். நைட்ரஜனின் ஒளி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை வைத்துப் படலத்தின் தடிமனைக் கணக்கிடுவோம். ஆனால் ஆர்கானில் துளி ஹைட்ரஜன் கலந்தாலும் எல்லாம் மாறிவிடும். சில நிறங்கள் பொங்கும், சில அடங்கும், சுரண்டும் வேகம் குறையும். கம்ப்ரசர் இளைத்த போர்வெல் ரிக்கில் ஓடிய நேரத்தை வைத்து எத்தனை அடி இறங்கியது என்று சொன்னால் எப்படித் தப்பாகுமோ, அதே தப்புதான் இங்கேயும். மெல்லிய படலம் தடிமனாகத் தெரியும்.

இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. அன்று காலை முழுக்க ஒரு கல்லூரி ஆராய்ச்சி மாணவிக்காக அதே கருவியில் ஆர்கானோடு ஹைட்ரஜனைக் கலந்து கலந்து ஓட்டியவனே நான்தான். மத்தியானம் மச்சானின் சாம்பிள் வந்தது. சிலிண்டரை மாற்றினேன். குழாயில் மிச்சமிருந்த வாயு வெளியேற நெடுநேரம் ஆர்கானை ஓடவிட வேண்டும். சாயங்காலம் என் மகளின் காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்கப் போக வேண்டியிருந்ததால் பேருக்கு ஓடவிட்டேன். திரையில் ஹைட்ரஜனின் கோடு உயர்ந்து நின்றது. அம்மோனியாவில் வெந்த துண்டுதானே, அதிலிருந்தே வருகிறது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். படலம் அளவுக்கு மேல் தடிமன் என்று அறிக்கை போயிற்று.

வேறு வாடிக்கையாளராக இருந்தால் வாசலில் நின்று கத்தியிருப்பார், இன்னொரு தடவை ஓட்டிக் காட்டு என்றிருப்பார். மச்சான் போனில், "நீங்க பாத்துச் சொன்னாச் சரிங்க மாப்ளே. தேச்சு எடுத்துப்போடறனுங்க" என்றார். பிஸ்டன்கள் கிரைண்டருக்குப் போயின.

மறுநாள் காலை, தடிமன் ஏற்கெனவே தெரிந்த சோதனைத் துண்டு ஒன்றை ஓட்டியபோது அதுவும் தடிமனாகக் காட்டியது. குழாயை ஒழுங்காகச் சுத்தம் செய்துவிட்டு, மச்சானின் சாம்பிளில் மிச்சமிருந்த இடத்தில் மறுபடி ஓட்டினேன். படலம் அளவாக, அம்சமாக இருந்தது. தேய்க்க வேண்டியதே இல்லை; தேய்த்தால் அடியிலிருக்கும் கடினமான தோலும் சேர்ந்து போய்விடும்.

போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். காதுகுத்து நேரத்தில் எதற்கு மனவருத்தம், முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அது வெறும் சாக்கு. மாப்பிள்ளை என்கிற கிரீடம் சரிந்துவிடுமே என்கிற பயம்தான் எனக்கு. நான் போனை வைத்த நேரத்தில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அன்றே சொல்லியிருந்தால் பாதிப் பிஸ்டன்களாவது தப்பியிருக்கும். இதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

காதுகுத்து குலதெய்வக் கோயிலில் நடந்தது. தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு வந்து, என் மகளை மடியில் உட்கார்த்திக்கொண்டார். அவள் வீறிட்டு அழுது ஓய்ந்ததும், அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொந்தக்காரர்களிடம் சொன்னார்: "எங்க மாப்ளே மட்டும் பாத்துச் சொல்லலீன்னா உதுந்துபோற சரக்கை அனுப்பிருப்பனுங்க. எம்பேரைக் காப்பாத்துனது அவருங்க." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்தும் தொலைத்தேன்.

அந்தச் சரக்கு மறுநாள் விடிகாலை வடக்கே கிளம்பும் ரிக்கில் ஏற வேண்டியது. அவருடைய மிகப் பழைய வாடிக்கையாளரின் வண்டி. பந்தியில் பாதியிலேயே எழுந்துவிட்டேன். கை கழுவும் இடத்தில் அவரைத் தனியாகப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது, உங்கள் உலை சரியாகத்தான் இருந்தது, எனக்கு முன்னமே தெரியும் என்றும் சொன்னேன்.

கையைத் துண்டில் மெதுவாகத் துடைத்தார்.

"எனக்கும் அன்னிக்கே ஒரு மாதிரியாத்தானுங்க இருந்துச்சு. உலை எப்பவும் போலத்தான் ஓடுச்சு. ஆனா ஊட்டு மாப்பிள்ளைகிட்டப் போயி, இன்னொருக்கா பாருங்கன்னு எப்படிங்க கேக்கறது?"

துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரக்கை நிறுத்திப்போடறனுங்க. உள்ளார ஆருகிட்டயும் சொல்லாதீங்க மாப்ளே. நல்ல நாளு" என்றுவிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போனார்.

ரிக்குக்காரர் வேறு பட்டறைச் சரக்கோடு கிளம்பினார். அதன்பிறகு அவர் மச்சானிடம் வரவேயில்லை.

மச்சானின் சாம்பிள்களும் எங்கள் கூடத்துக்கு வருவதில்லை. போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். என் மனைவி சும்மா இருக்கவில்லை. "ஏனுங்ணா, உங்க மாப்ளே இங்க இருக்கறப்ப எதுக்குக் கோயமுத்தூருக்கு அனுப்பறீங்க?" என்று கேட்டாள். "மாப்ளைக்கு இருக்கற வேலையில நம்ம தொந்தரவு வேறயா, அம்மிணி" என்றார் அவர், என் பக்கம் திரும்பாமலே.

நான் கிளம்ப எழுந்தேன். எனக்கு முன்னால் அவர் எழுந்து நின்றிருந்தார்.