மத்தியானத்தில் நடந்த மறுபூசை

அப்பா தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரையின் காரோட்டி. பங்களாவுக்குக் கீழே, கார் கொட்டகையை ஒட்டி எங்களுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். கொழுந்து பறிக்கிறவர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக் காம்பராவைவிடப் பெரியது, கூரை ஒழுகாது. வேலை இருக்கும்வரைதான் அறை என்பதை அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததால், அதுவும் அறையின் பெருமைகளில் ஒன்று என்றே நான் நினைத்திருந்தேன்.

அந்த வருடம் ஆயுதபூசைக்கு முன்பே காரின் பேன் பெல்ட்டில் வெடிப்பு கண்டிருந்தது. அப்பா ஹட்டனில் நானாவின் மோட்டார் சாமான் கடையிலிருந்து புதியது வாங்கி வந்துவிட்டார். ஆனால் மாட்டவில்லை. புதுச் சாமானைப் பூசையில் வைத்து எடுத்துத்தான் வண்டியில் ஏற்றுவார். பூசைப் பலகையில் வைத்த எதையும் மறுநாள் காலை மறுபூசை முடியாமல் தொடக் கூடாது. என் பாடப் புத்தகங்களும் அங்கேதான் இருந்தன. ஆகவே அந்த விதியில் எனக்கு முழு நம்பிக்கை இருந்தது.

பூசை முடிந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது பங்களாவில் சமைக்கிற அப்பு, தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மழையில் ஓடிவந்தார்.

“டைவரண்ணே, வண்டிய எடுங்க. கொழும்புல இருந்து கம்பெனி துரை வட்டவளை டேசனுக்கு வர்றாராம். நாளைக்குன்னு சொன்ன ஆளு இன்னைக்கே ரயில் ஏறிட்டாரு. நம்ம துரை கால்ல வெந்நி ஊத்திக்கிட்டு நிக்கிறாரு.”

அப்பா காரைக் கிளப்பினார். சக்கரங்களுக்கு அடியில் வைத்திருந்த எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. கூடவே எஞ்சினுக்குள் சாட்டை சொடுக்கியதுபோல ஒரு சத்தம். பெல்ட் அறுந்துவிட்டது. பெல்ட் இல்லாவிட்டால் விசிறி சுழலாது. ஏற்றத்தில் எஞ்சின் கொதித்து வண்டி நின்றுவிடும். போன மாதந்தான் கினிகத்தேனைக்கு அருகே வண்டி நின்று, துரை மழையில் நடந்து வந்திருந்தார். இன்னொரு முறை நின்றால் பத்துச்சீட்டு என்று அப்போதே சொல்லிவிட்டார். பத்துச்சீட்டு வாங்கியவன் குடும்பத்தோடு தோட்டத்தைவிட்டு வெளியேற வேண்டும்.

சரஸ்வதி படத்தின் முன்னால், பலகையில், ஸ்பேனர்களும் புது பெல்ட்டும் சந்தனப் பொட்டோடு இருந்தன. அப்பா நிலைப்படியில் நின்றார். கை நீளவில்லை.

“எடுங்களேன்” என்றாள் அம்மா.

“எப்படிப் புள்ள எடுக்கிறது? விடியணும்ல?”

அம்மா ஒரு கற்பூரத்தை ஏற்றி மூன்று சுற்றுச் சுற்றினாள். “மறுபூசை முடிஞ்சிருச்சு. எடுங்க.”

பூசைக்காக வந்திருந்த அத்தைக்கு, அப்பாவின் அக்காவுக்கு, பொறுக்கவில்லை. “ஏன்டி, எல வாடுறதுக்குள்ள மறுபூசையா? சாமிக்கு இன்னும் சுண்டலே செமிச்சிருக்காது.”

“செமிக்கலன்னா நாளைக்குச் சாமிக்கு கசாயம் வச்சுத் தர்றேன் மதினி. இப்ப வண்டி போகட்டும்.”

பெல்ட்டை எடுத்த அப்பா அதை மூக்கருகே கொண்டுபோனார். “இதுக்கு என்னத்தப் பூசின?”

“எல்லாத்துக்கும் பூசினதுதாங்க. நல்லெண்ண. சாமி முன்னால பளபளன்னு இருக்கட்டுமேன்னு…”

ஸ்பேனருக்கு எண்ணெய் நல்லது, துருப்பிடிக்காது. பெல்ட்டுக்குப் பூசினால் எஞ்சினின் கப்பிச் சக்கரத்தில் பிடிக்காமல் வழுக்கும். அப்பா திட்டவில்லை. திட்டுவதற்கும் நேரம் வேண்டும். அம்மா சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்தாள். அத்தை அடுப்புச் சாம்பலைப் போட்டுத் துடைத்தாள். அப்பா அந்த பெல்ட்டிலேயே சுழலும் டைனமோவின் நட்டுகளைத் தளர்த்தி, அதை எஞ்சின் பக்கம் தள்ளி, பெல்ட்டை விசிறியின் இறக்கைகளுக்கு மேலாக ஒவ்வொன்றாகக் கடத்திக் கப்பிச் சக்கரங்களில் மாட்டினார். பிறகு விறகுக்கட்டையால் டைனமோவை வெளியே நெம்பி, பெல்ட் விறைத்ததும் நட்டுகளை முறுக்கினார்.

“அண்ணே, நேரம்…” என்றார் அப்பு.

“நேரத்தப் பாத்தா பெல்ட் ஏறாதுடா. சாக்க நேராப் பிடி, தண்ணி உள்ள விழுகுது.”

கிளப்பியதும் பெல்ட் பிடிபட்ட பன்றிபோல் கீச்சிட்டது. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அப்படியே பங்களாவுக்கு ஓட்டிப்போனார். துரையை ஏற்றிக்கொண்டு இறங்கிய வண்டியின் கீச்சொலி ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்டது. திடீரென்று மூடுபனிக்குள் நின்றுபோனது. நின்றது சத்தமா, வண்டியா என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

நான் படத்தின் முன்னால் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். விதியை மீறிய வீட்டில் சரஸ்வதி முதலில் என் படிப்பைத்தான் பிடுங்குவாள் என்று பயம். அம்மா சுவர்த் தட்டிலிருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக இறக்கி, பழைய சேலையில் அடுக்கி முடிச்சுப் போட்டாள். பாய்களைச் சுருட்டினாள். அத்தையிடம் கயிறு கேட்டாள். அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அத்தை, கயிற்றை எடுத்துக் கொடுத்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். பூசை வீட்டில் சுத்தம் செய்வது வழக்கந்தானே என்று நான் கண்களை மூடிக்கொண்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் காரின் வெளிச்சம் பங்களாப் பக்கம் ஏறியது. கொஞ்ச நேரத்தில் அப்பா நனைந்தபடி நடந்து வந்தார்.

“தாங்கிருச்சு” என்றார்.

அம்மா உட்கார்ந்த இடத்திலேயே முடிச்சுகளை அவிழ்த்தாள். பாத்திரங்களை அதே தட்டில், அதே வரிசையில் திரும்ப அடுக்கத் தொடங்கினாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

“தூசியே தட்டாம அடுக்குறியேம்மா. பெறகு எதுக்கு எறக்குன?” என்று கேட்டேன்.

அத்தை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் பேச்சுக்குச் சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.