பொன்னம்பலத்தின் காலில் பப்பாசிப் பால்

சண்டிலிப்பாயில் குணலட்சுமியிடம் வாய் கொடுத்துத் தப்பியவர்கள் குறைவு. அயல்வீட்டு மாடு வேலி புகுந்தாலும், புகையிலை வாங்க வந்தவன் நக்கலாகக் கதைத்தாலும், அவளுடைய சத்தம் கோயிலடி வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு அஞ்சாத ஒரே மனிதன் அவள் கணவன் பொன்னம்பலம்தான். அவள் கத்தி முடியும் வரைக்கும் மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி நிற்பான்.

புகையிலைத் தோட்டத்தின் ஓரமெல்லாம் பப்பாசி நட்டது அவள்தான். காலையில், பால் பட்டுத் தோல் எரியாமலிருக்கக் கைக்குத் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு, பச்சைக் காய்களைப் பிளேட்டால் கீறி, வடிகிற பாலைத் தட்டில் ஏந்துவாள். காய்ந்த பாலை வாங்கத் தியாகலிங்கம் என்ற வியாபாரி லொறியில் வருவான்.

"உந்தப் பாலை வெளிநாட்டிலை மருந்துக்கு எடுக்கினம் அக்கா. கட்டிபட்ட இரத்தத்தைக்கூட உது கரைக்குமாம். ஆராய்ச்சி நடக்குதாம்" என்று ஒருநாள் பெருமையடித்தான். முற்றின ஆட்டிறைச்சியையே பஞ்சாக்குகிற பால்தானே, கரைக்கும் என்று அவளும் நம்பினாள்.

தொண்ணூறில் சண்டை மூண்டு, இராணுவம் பாதையைப் பூட்டியது. பால் வெளியே போகவில்லை, மருந்து உள்ளே வரவில்லை. அடுத்த வருடம் பொன்னம்பலம் கிணற்றுக்கட்டில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டான். ஊர் வழக்கப்படி மூங்கில் வைத்துக் கட்டி அசையாமல் படுக்க வைத்தார்கள். எலும்பு பொருந்தி வந்த நேரத்தில் கெண்டைக்கால் வீங்கிக் கல்லாகியது. ட்ரக்டர் பெட்டியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

"காலுக்குள்ளை இரத்தம் கட்டிபட்டிருக்கு அம்மா. கழண்டு நெஞ்சுக்குப் போனால் உயிராபத்து. அதுக்கு ஊசி மருந்து இருக்கு, ஆனால் எங்களிட்டை இல்லை. மருந்துக் கப்பல் வந்தால்தான்" என்றாள் டொக்டர், நித்திரை காணாத கண்களோடு ஒரு சின்னப் பெண். காலை ஆட்டாமல் வீட்டில் வைத்திருக்கச் சொன்னாள்.

குணலட்சுமி கத்தினாள். "பற்றரியை மறிக்கிறாங்கள், சீமெந்தை மறிக்கிறாங்கள், சரி. இந்த மனிசன்ரை காலுக்குப் போடுற ஊசி என்ன வெடிகுண்டோ?"  

வீட்டுக்கு வந்தவள் நேரே பப்பாசி மரத்தடிக்குப் போனாள். ஊசி இல்லாவிட்டால் ஊசிக்குரிய பால் இருக்கிறதே! அவள் கையைக் காத்த எண்ணெய் அவன் காலையும் காக்கும் என்று நினைத்தாள். பாலை எண்ணெயில் குழைத்து, வீங்கிய இடத்தில் கனமாகப் பூசி, இறைச்சியை ஊறவிடுவதுபோல் துணியால் இறுகக் கட்டினாள்.

"இஞ்சாருங்கோ, எரியுதோ?"

"இல்லைக் குணம். குளிருது."

கட்டை அவிழ்க்காமலே துணிக்கு மேலால் புதுப்பாலை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அவன் குளிருது என்றே சொன்னான்.

மூன்றாம் நாள், கப்பல் வந்துவிட்டது, மருந்து இருக்கிறது என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து சொன்னது. ட்ரக்டர் பிடித்து ஓடினார்கள். டொக்டர் துணியை அவிழ்த்தாள். தோல் துணியோடு வந்தது. கீழே பச்சை இறைச்சியில் இரத்தம் கசிந்தது.

"என்ன வேலை செய்தனீங்கள்!" டொக்டர் பதறிப்போனாள். "பாலிலை இருந்து பிரிச்செடுத்த சத்து கண்ணாடிக் குழாய்க்குள்ளை இரத்தத்தைக் கரைக்கலாம். மேலாலை பூசின பால் உள்ளுக்குப் போகாது, தோலைத்தான் தின்னும். இந்தப் புண்ணோடை ஊசி போட்டால் இரத்தம் நிக்காதம்மா. கொஞ்சம் காயட்டும்." பிறகு அவனைப் பார்த்துக் கேட்டாள்: "நெருப்பு வைச்ச மாதிரி எரிஞ்சிருக்குமே, எப்பிடி ஐயா தாங்கினனீங்கள்?"

பொன்னம்பலம் குணலட்சுமியைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

மருந்து அவன் கிடந்த அதே வாட்டின் அலுமாரியில் இருந்தது. புண் காய்வதற்கு முந்தி ஒரு காலையில் இரத்தக்கட்டி கழன்றது. மூச்சு வாங்கி, வாங்கி, அவள் கையைப் பிடித்தபடியே அவன் அடங்கினான்.

செத்தவீட்டில் அவனுடைய தங்கை பாலேஸ்வரி எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். "பாலைப் பூசி என்ரை அண்ணையைக் கொன்றுபோட்டாள்."

"ஓம், நான்தான் பூசினனான்!" குணலட்சுமி எழும்பினாள். "மருந்தை மறிச்சு வைச்சவங்களை ஒரு வார்த்தை கேக்க வக்கில்லை, என்னைக் கேக்க வந்திட்டியளோ? ஊசி இருந்திருந்தால் நான் ஏன் மரத்தடிக்குப் போறன்?"

  அவள் திரும்பிப் பொன்னம்பலத்தின் நெஞ்சில் ஓங்கி அடித்தாள்.

"இஞ்சாருங்கோ! எரியுதெண்டு ஒரு சொல்லுச் சொன்னால் என்ன? கத்தியிருப்பன், அவ்வளவுதானே? கத்திப்போட்டுத் துடைச்சிருப்பனே!"